போத்தலில் உள்ள நஞ்சும் ஆளுக்குள் போகும் நஞ்சும்



முன்மாரி விதைப்பு முடிந்து வட்டைகளில் பயிர் பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் படுவான்கரைப் பக்கம் எந்த வரம்பில் நின்று பார்த்தாலும் முதுகில் தாங்கியோடு நடக்கிற ஆட்களைக் காணலாம். அவர்களில் சிலர் எங்கள் வகுப்புப் பிள்ளைகள். அதனால்தான் விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் சிலர் கூடிப் பேசி இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. வயல் செய்கிறவர்களும், வயலுக்கு ஆள் அனுப்புகிறவர்களும், பட்டறை, கராஜ் வைத்திருக்கிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. களைக்கு அடிப்பதை நாம் "எண்ணெய்" என்கிறோம். பூச்சிக்கு அடிப்பதை "மருந்து" என்கிறோம். எண்ணெய் தலைக்கு வைப்பது, மருந்து சுகமாக்குவது. இந்த இரண்டு சொல்லையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் போத்தலைப் பார்த்துப் பயம் வராது. பெயரை மாற்றச் சொல்லவில்லை, அது நடக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது கணக்குப் பார்க்க வேண்டும்.

தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் உள்ளவர்கள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன இரசாயனம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். போத்தலைத் தொடக் கூடாது, லேபிளைப் பார்த்து எழுதினால் போதும். பெயர், லேபிளின் கீழே உள்ள நிறம், வைத்திருக்கும் இடம் என்று மூன்று நிரல். பிள்ளைகள் நல்லாத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் இப்படி இருந்தது: "பெயர் தெரியாது. லேபிள் இல்லை. சோடாப் போத்தல். குசினியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில்."

இந்த நான்கு வரியைப் படித்த பிறகு எங்களால் அடுத்த பாடத்துக்குப் போக முடியவில்லை. ஒரு கிழமை இதையே படிப்பித்தோம். அந்தக் கிழமை வகுப்பில் பேசியதைத்தான் இங்கே பெரியவர்களுக்கும் சொல்கிறோம்.

நஞ்சு என்பது ஒன்று, ஆபத்து என்பது இன்னொன்று. கூட்டுக்குள் பூட்டி வைத்த நாகத்துக்கும் வரம்பில் நம் காலடியில் கிடக்கிற நாகத்துக்கும் பல்லில் இருக்கிற நஞ்சு ஒரே நஞ்சுதான். ஆபத்து வேறு. இரசாயனமும் அப்படியே. அதன் நஞ்சுத் தன்மை எவ்வளவு, அதில் எவ்வளவு நம் உடம்புக்குள் போகிறது, எத்தனை நாள் போகிறது, யாருடைய உடம்புக்குள் போகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். லேபிள் முதல் கேள்விக்குத்தான் விடை சொல்லும். மற்றதை வேலை செய்கிறவனும் வேலை கொடுக்கிறவனும் கணக்குப் பார்க்க வேண்டும்.

லேபிளிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். பதிவு செய்யாத எதையும் விற்க முடியாது. லேபிளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு நிறப்பட்டி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தரப்படுத்தலை ஒட்டி வந்தது அது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கட்டும் என்றுதான் நிறம் போட்டார்கள்.

ஆனால் அந்த நிறம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்று பெரும்பாலும் எலிகளில் சோதித்து, அதை வைத்துப் போட்ட நிறம் அது. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வருடம் போனால் என்ன நடக்கும் என்பதை அந்த நிறம் சொல்லாது. மனித உடம்பு எலியின் உடம்பும் அல்ல. இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பெரியவர்கள் "கிரமக்சோன்" என்று அறிந்த பரகுவாட் களைநாசினி மஞ்சள் வகுப்பில்தான் இருந்தது. நடுத்தரமான நஞ்சு என்று அர்த்தம். ஆனால் ஒரு மிடறு உள்ளே போனால் நுரையீரல் கட்டிப்போகும், முறிவு மருந்தும் கிடையாது. எத்தனையோ வீடுகளில் மையித்துகளை எடுத்த பிறகு, 2008 தொடங்கி அதை மெல்ல மெல்லக் குறைத்து 2011இல் நிறுத்தினார்கள்.

அதற்கு முன்னும் இப்படியே நடந்தது. பரத்தியன் 1984இல் தடை. மொனோக்ரோட்டோபோஸ், மெத்தமிடோபோஸ் 1995இல் தடை. எண்டோசல்பான் 1998இல் தடை. ஒவ்வொரு தடவையும் "இனி வேளாண்மை செய்ய ஏலாது" என்று பேச்சு வந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், இந்தத் தடைகளால் நெல் விளைச்சல் விழவில்லை என்று கண்டார்கள். 1995க்கும் 2015க்கும் இடையில் இந்தத் தடைகளால் ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நம் சின்ன நாட்டை உலகமே உதாரணமாகக் காட்டுகிறது.

2021இல் நடந்தது வேறு கதை. மே மாதம் இரசாயன உரமும் நாசினிகளும் ஒரே அடியாக நிறுத்தப்பட்டன, நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் யார் செய்தது, உள்ளே என்ன என்று தெரியாத போத்தல்கள் கைமாறின. லேபிள் இல்லாத போத்தலில் மேலே சொன்ன கேள்விகளில் முதலாவதுக்கே விடை இல்லை. முதலாவது தெரியாவிட்டால் மற்றது எதையும் கணக்குப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட போத்தலை மலிவு என்று வாங்கவே கூடாது.

இப்போது இரண்டாவது கேள்வி, எந்த வழியால் உள்ளே போகிறது. கேட்டால் எல்லோரும் மூக்கைத்தான் காட்டுவார்கள். அதனால் வாயைச் சுற்றி ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வயலில் எண்ணெய் அடிக்கிறவனுக்குக் கூடுதலாகப் போவது தோலால். தாங்கி ஒழுகும். முதுகு நனையும். அது வழிந்து இடுப்பில் சாரன் கட்டிய இடத்தில் தேங்கி நிற்கும். சாரன் நாள் முழுக்க அந்த ஈரத்தைப் பிடித்து உடம்போடு ஒட்டி வைத்திருக்கும்.

தோல் என்றால் எல்லா இடமும் ஒன்று இல்லை. பரத்தியனை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. முன்கையில் பட்டதில் நூற்றுக்கு 9 பங்கு அளவுதான் உள்ளே போனது. வயிற்றில் 18. தலையில் 32. அக்குளில் 64. ஆண்களின் மறைவிடத் தோலில் பட்டது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போனது. இப்போது அந்த நனைந்த சாரனை நினைத்துப் பாருங்கள். கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்கிற முதலாளி, ஒழுகுகிற தாங்கிக்கு ஒரு வொஷர் போட்டுக் கொடுத்தால் அதைவிடப் பெரிய உதவி.

வாய்வழி மூன்றாவது. நேரே குடிப்பதைச் சொல்லவில்லை. நொசில் அடைத்தால் வாயை வைத்து ஊதுவார்கள். நம் பக்கத்தில் இதைச் செய்யாதவர் குறைவு. கையைக் கழுவாமல் வெற்றிலை மடிப்பார்கள், பீடி பற்ற வைப்பார்கள். தாங்கியைக் கழுவிய அதே வாய்க்காலில் முகம் கழுவுவார்கள், லுஹருக்கு வுழூவும் செய்வார்கள். வாய் கொப்புளிக்கும்போது அந்தத் தண்ணீர்தான் வாய்க்குள் போகிறது. தொழப் போகிறவர் சுத்தமான தண்ணீரை ஒரு கேனில் தனியாகக் கொண்டு போவது கஷ்டமான காரியம் இல்லை.

மூன்றாவது கேள்வி அளவும் நாளும். இதற்கு எங்கள் மாணவன் ஒருவனின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். ஏ.எல். படிக்கிற பிள்ளை. ஒரு நாள் முதல் வரிசையில் இருந்துகொண்டு, "சேர், போர்ட்ல எழுத்து மங்கலாத் தெரியுது" என்றான். வேர்த்துக் கொட்டியது. கண்ணில் தண்ணீர். வெயிலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கண்மணியைப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. என்ன வேலைக்குப் போனாய் என்று கேட்டோம். விடியக்காலையிலும் லீவு நாளிலும் மருந்து அடிக்கப் போவதாகச் சொன்னான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், சுகமாக வந்தான்.

அவனை வேலைக்கு வைத்த காக்கா கெட்ட மனிதர் இல்லை. தேநீர், சாப்பாடு கொடுத்தார், சம்பளத்தைக் குறைக்கவில்லை, வேர்வை காயமுன் கையில் கொடுத்தார். அவர் எங்களிடம் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "சேர், இதே மருந்தை இருவது வருஷமா நானும் அடிக்கிறேனே, எனக்கு ஒண்டும் செய்யல்லயே?"

நியாயமான கேள்வி. விடை கணக்கில் இருக்கிறது. கரும்பலகையில் போட்டது போலவே இங்கேயும் போடுகிறோம். 16 லீற்றர் தாங்கி ஒரு ஏக்கருக்குப் பத்துத் தரம் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காக்காவுக்கு 2 ஏக்கர். ஒரு போகத்துக்கு மூன்று தரம் அடிக்கிறார். அப்படியானால் போகம் முழுக்க அவர் போத்தலைத் திறந்து அளந்து கலக்குவது 60 தரம். கூலிக்குப் போகிற பிள்ளை ஒரு நாளைக்கு 3 ஏக்கர் அடிக்கிறான். 30 தரம் கலக்குகிறான். இருபது நாள் போனால் 600 தரம். போத்தல் ஒன்று, நிறம் ஒன்று, பத்து மடங்கு வித்தியாசம். அதிலும் கலக்குகிற நேரம்தான் மோசமானது. தாங்கிக்குள் இருப்பது தண்ணீர் கலந்தது. மூடியில் அளக்கும்போது விரலில் படுவது கலக்காத நஞ்சு.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பூச்சிக்கு அடிக்கிற நாசினிகளில் பல ஒகனோபொஸ்பேற் இனத்தைச் சேர்ந்தவை. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பியதும் அந்தக் கட்டளையை நிறுத்திவைக்க உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அசற்றைல்கோலின் எஸ்ரரேசு என்று ஏ.எல். பிள்ளைகள் படிப்பார்கள். இந்த நாசினி அந்த நொதியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் வேர்வை, எச்சில், கண்ணீர், வாந்தி, தசைத்துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். கட்டப்பட்ட நொதியம் உடனே திரும்பி வராது. இரத்தச் சிவப்பணுவில் உள்ளது ஒரு நாளைக்கு நூற்றுக்கு 1 பங்கு அளவில்தான் புதிதாகச் சேரும்.

கோடையில் ஊறிவராத கிணறு மாதிரி. முதல் நாள் பத்து வாளி அள்ளினாலும் தெரியாது. இரண்டாம் நாளும் தெரியாது. பதினைந்தாம் நாள் அதே பத்து வாளியை அள்ளும்போது அடி தெரியும். அந்தப் பிள்ளை விழுந்த நாளில் அவன் புதிதாக எதுவும் செய்யவில்லை. முதல் நாள் செய்ததையேதான் செய்தான். "நேத்து ஒண்டும் நடக்கல்ல" என்பது இன்றைக்கு உத்தரவாதம் இல்லை.

நான்காவது கேள்வி, யாருடைய உடம்பு. பெரிய ஆளுக்குத் தாங்குகிற அளவு மெலிந்த பிள்ளைக்குத் தாங்காது. புல் பிடுங்க வருகிற பெண்களில் கர்ப்பிணிகள் இருப்பார்கள். அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு வயலில் இறங்கலாம் என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து அவர்களிடம் சொல்ல வேண்டியது வயல்காரர். நோன்பு நாளில் வெயிலில் அடிக்கிறவனுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்து தலை சுற்றும். அது நோன்பின் களைப்பா நஞ்சா என்று அவனுக்கே தெரியாது. நோன்பு காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப் போட முடிந்தால் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் சுபஹுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலத்தோடு முடித்துவிடுங்கள்.

நோய்க்குறி தெரிந்தால் செய்ய வேண்டியது இது. ஆளை அந்த இடத்திலிருந்து காற்றோட்டமான பக்கம் கொண்டு வாருங்கள். நனைந்த உடுப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை. சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள், கழுவுகிறவர் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் புகட்டுவது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். 1990க்கு எடுங்கள். போத்தலையோ லேபிளையோ கூடவே கொண்டு போங்கள். ஒகனோபொஸ்பேற் என்று தெரிந்தால் அட்ரோபின் கொடுப்பார்கள், பெயர் தெரியாவிட்டால் வைத்தியருக்கும் நேரம் போகும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, நம் வைத்தியர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். அதற்கும் பெயர் வேண்டும்.

வயலை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இது பாதிப் பதிவு. பிள்ளைகளின் கொப்பிகளில் வேறு தொழில்களும் இருந்தன.

நகைப் பட்டறையில் நைத்திரிக் அமிலம். தங்கத்தைச் சுத்திகரிக்கும்போது கபில நிறத்தில் புகை எழும்பும். மூக்கு கொஞ்சம் எரியும், இருமல் வரும், பிறகு சரியாகிவிட்டது போல இருக்கும். அன்றிரவோ அடுத்த நாளோ நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரவில் வந்த மூச்சுத் திணறலைக் காலையில் செய்த வேலையோடு சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றாது.

பெட்டரிக் கடையில் ஈயம். அதற்கு மணமும் இல்லை, எரிவும் இல்லை. தூசாகக் கையிலும் உடுப்பிலும் ஒட்டி வீட்டுக்கு வரும். வாப்பா வந்ததும் ஓடிப்போய் மடியில் ஏறுகிற சின்னப் பிள்ளையின் வாய்க்குள் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். கடையிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு வாருங்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துக் கழுவ வேண்டாம்.

கராஜில் தின்னரும் டூகே பெயிண்ட்டும். டூகேயைக் கடினமாக்கும் திரவத்தில் ஐசோசயனேற்று இருக்கும். அது சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டு வரும், வந்த பிறகு கொஞ்சம் பட்டாலும் இழுக்கும். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய முகக்கவசம் தூசுக்குக் கொஞ்சம் உதவும். தின்னர் ஆவிக்கு அது வேலிக் கம்பியால் நுளம்பைத் தடுப்பது போல.

பள்ளியிலும் பாடசாலையிலும் மலசலகூடம் கழுவுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் சேர்த்து ஊற்றினால் நல்லாப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சேர்த்தால் குளோரின் வாயு வரும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பாவித்த அதே வாயு. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம், செய்யச் சொல்லவும் வேண்டாம்.

குழிக்குள் இறங்குவது எல்லாவற்றிலும் மோசம். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் ஓர் இறப்பர்த் தொழிற்சாலையில் அமோனியா இருந்த தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து 5 பேர் உயிரிழந்தார்கள். செய்தியில் எல்லோரும் படித்தோம், பிறகு மறந்தோம். மலசலகூடக் குழியிலும் இதுதான் நடக்கும். அதில் உள்ள ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை மணம் தரும். கூடினால் மூக்கின் உணர்வையே செயலிழக்க வைக்கும். மணம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னால் இறங்க வேண்டாம். கல் மனசு என்று ஊர் பேசினாலும் பரவாயில்லை. 1990க்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் எடுங்கள், மூடியைத் திறந்து காற்றுப் போக விடுங்கள், கயிறு கட்டியிருந்தால் வெளியில் நின்று இழுங்கள்.

இவ்வளவும் சொன்னால் பயந்துபோய், "அப்ப எல்லாத்துக்கும் கையுறையும் மாஸ்க்கும் வாங்குவோம்" என்று முடிப்பார்கள். பாதுகாப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதில் கையுறையும் மாஸ்க்கும் கடைசியில்தான் வரும். முதல் கேள்வி, இதைப் பாவிக்கத்தான் வேண்டுமா? வயலில் தண்ணீரை ஒழுங்காகக் கட்டி நிறுத்தினால் பாதிக் களை முளைக்காது. பயிர் சின்னதாக இருக்கும்போதே பூச்சிக்கு அடித்தால் சிலந்தி போன்ற நல்ல பிராணிகள் முதலில் சாகும், பிறகு அறக்கொட்டியான் இன்னும் மோசமாக வரும். பக்கத்து வயல்காரன் அடித்தான் என்பதற்காக அடிப்பது காசுக்கும் நட்டம், உடம்புக்கும் நட்டம். இரண்டாவது, குறைந்த நஞ்சு உள்ளது கிடைக்குமா? மூன்றாவது, தாங்கி, குழாய், காற்று வெளியேற்றும் விசிறி போன்றவற்றைத் திருத்த முடியுமா? நான்காவது, வேலை செய்கிற நேரத்தையும் ஆளையும் மாற்ற முடியுமா? கச்சான் காற்று எழும்புமுன் முடிப்பது, காற்றுக்கு எதிரே நடக்காமல் அது முதுகுப் பக்கம் இருக்கும்படி நடப்பது, ஒரே ஆளை இருபது நாளும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவது. இவையெல்லாம் செய்த பிறகு மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் கையுறையும் நீளக் காற்சட்டையும்.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். வட்ஸ்அப்பில் வருகிற எல்லாப் பயத்தையும் நம்பிவிடவும் கூடாது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பேசப்படுகிற சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லிப் பதிவு போடுகிறார்கள். விஞ்ஞானிகள் இன்னும் ஒரே காரணத்தில் உடன்படவில்லை. நிரூபிக்கப்படாததைச் சொல்லி ஆட்களைப் பயமுறுத்தினால், நிரூபிக்கப்பட்டதைச் சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஒழுகுகிற தாங்கியும் வாயால் ஊதுகிற நொசிலும் யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை. கண் முன்னால் இருக்கின்றன, நாளைக்கே திருத்தலாம்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்றாவது இருக்கிறது, பரிசோதகர் வருவார். வட்டைக்குள் நாட்கூலிக்கு இறங்குகிறவனைப் பார்க்க எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. அவனுக்குச் சட்டமும் பரிசோதகரும் வயல்காரரின் மனச்சாட்சிதான். அந்தக் கூலியாள் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருப்பான், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிற தமிழ்ச் சகோதரனாகவும் இருப்பான். கூலிக்கு வந்தவனின் உடம்பு நம் கையில் கொடுக்கப்பட்ட அமானத். அவனைச் சேதமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் சம்பளத்தில் சேர்ந்த கடன். மறுமையில் இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது.

அதனால் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம். ஆபத்தான வேலைகளில் அவர்களை அமர்த்த நாட்டின் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. பிள்ளைக்குக் காசு தேவை என்றால் வரம்பு கட்ட, நெல் காயப்போட, கணக்கு எழுத என்று வேறு வேலை கொடுங்கள். கஷ்டப்படுகிற வீடு என்றால் பள்ளியில் சொல்லுங்கள், ஸகாத் இருக்கிறது.

ஒரே ஆளைத் தொடர்ந்து நாள்கணக்கில் அடிக்கவிட வேண்டாம். அடிக்க வருகிறவனிடம் முந்தின நாட்களில் எங்கே, என்ன அடித்தாய் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் காசு செலவாகாது.

ஒரு சவர்க்காரம், ஒரு கேன் நல்ல தண்ணீர், நொசிலைக் குத்த ஒரு மெல்லிய குச்சி, மாற்ற ஒரு பழைய உடுப்பு. வாடியில் இந்த நான்கும் இருக்கட்டும்.

வெறும் போத்தலை மூன்று தரம் கழுவி, கழுவிய தண்ணீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் அது வாவிக்குத்தான் போகும். அந்த வாவியில் பிடித்த மீனும் இறாலும்தான் நம் சட்டிக்கு வருகின்றன. வேறு போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், குசினிக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் மாடு கட்டும் திகதியும் பேசுகிறோம். அடுத்த தடவை வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்புகளும் இதையும் ஒரு விடயமாகச் சேர்க்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், கூப்பிட்டால் வந்து லேபிள் வாசித்துக் காட்டுவார். பள்ளி நிர்வாகங்கள் இடம் கொடுத்தால், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் போதும். கணக்கை நாங்கள் கரும்பலகையோடு வந்து போட்டுக் காட்டுகிறோம்.

அந்தக் காக்கா இந்தப் போகத்துக்குப் புதுத் தாங்கி ஒன்று வாங்கியிருக்கிறார். ஆளுக்கு ஐந்து நாளுக்கு மேல் அடிக்கவிடுவதில்லை என்று வைத்திருக்கிறார். செலவு பெரிதாகக் கூடவில்லை என்று அவரே சொன்னார். அவரால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும்.

வயல் வைத்திருக்கிற, பட்டறை வைத்திருக்கிற உறவுகளுக்கு இதை அனுப்பிவையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தொழிலில் என்ன இரசாயனம் பாவிக்கிறீர்கள் என்று கீழே எழுதினால், தெரிந்ததை நாங்கள் சொல்கிறோம், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறோம்.

உழைத்து உண்கிற எல்லோருடைய உடம்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.